ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு

அவர் செத்த அன்றைக்கு எல்லோரும் கிட்டே வந்து நின்றார்கள். மாஷிமா என்று நாங்கள் கூப்பிடுகிற கீழ்வீட்டு வங்காளியம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். சம்பந்தியம்மாள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகன் மார்மேல் விழுந்து கிடந்தான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உயிரோடு இருந்தபோது இந்த மனுஷனைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தவர்கள்தானே இத்தனை பேரும்? செத்தவனைத் தொட்டால் குளிக்க வேண்டும் என்பார்கள். அதற்குத் தயாராக வந்தார்கள். இருந்தவனைத் தொட ஒருத்தருக்கும் கை வரவில்லை.

நெஞ்சுவலியில் போனார். நாக்கில் வந்த நோயால் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லாம் "அந்த வாய் வியாதிதானே?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த நாக்கு கடைசிவரை அவர் வாயில்தான் இருந்தது. அன்று காலையில்கூட அதே நாக்கால் என்னைத் திட்டினார், வாங்கி வந்த டீ ஆறிப்போய்விட்டது என்று.

கல்கத்தா கார்டன் ரீச்சில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. நம்மவர்களிடம் கயிற்றுக்காரர் என்று கேட்க வேண்டும். வங்காளிகளிடம் தொரிதா என்று கேட்க வேண்டும். தொரி என்றால் அவர்கள் பாஷையில் கயிறு, தா என்றால் அண்ணன். எனக்கும் அவர் அண்ணன்தான், கூடப்பிறக்காத அண்ணன். ஒரே பட்டறையில் வேலை பார்த்தோம். கப்பல் கட்டுகிற பட்டறை. நான் அங்கே கலாசி. கிரேன் கொக்கியில் தகட்டை மாட்டிவிட்டு, மேலே கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குக் கையாலே சைகை காட்டுகிற வேலை. சம்மட்டிச் சத்தத்தில் வாயால் பேசி ஆகாது. விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்துக் கையை வீசினால் நிறுத்து. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எனக்குத் தெரிந்த எழுத்து அவ்வளவுதான்.

அவர் வேலை வேறே. கப்பலின் தகடுகளை வெல்டிங் வைத்து ஒட்டுவார்கள். ஒட்டு உள்ளே சரியாக ஓடியிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மனுஷன் எலும்பைப் படம் எடுக்கிற மாதிரி இரும்பையும் படம் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு கனத்த பெட்டி உண்டு. கேமரா என்பார்கள், ஆனால் அதற்குக் கண்ணும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. உள்ளே அரிசிக் குருணை மாதிரி ஒரு பொருள். தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால், கம்பி நுனியில் அந்தக் குருணை குழாய் வழியாக ஓடி ஒட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். கொஞ்ச நேரம் நிற்கும். திருப்பிச் சுற்றினால் பெட்டிக்குள் வந்து அடங்கிவிடும். அது வெளியே நிற்கிற நேரத்தில் யாரும் கிட்டே போகக் கூடாது. போனால் உடம்பு வெந்துபோகும், உடனே தெரியாது, பின்னால் தெரியும். உள்ளே போய்விட்டால் பயமில்லை. தகட்டிலோ குழாயிலோ அது எதையும் விட்டுவைத்துவிட்டுப் போவதில்லை.

"வெளிய நிக்கறப்ப பயப்படு. உள்ள போயிட்டா பயப்படாத. ரெண்டையும் மாத்திச் செய்யறவன்தான் முட்டாள்" என்பார். இதை அவர் வேதம் மாதிரி சொல்வார்.

அதனால் கயிறு. சிவப்புத் துணி கட்டிய கயிறு. படம் எடுக்கிற இடத்தைச் சுற்றிக் கட்டிவிட்டு, விசிலை ஊதிவிட்டு, "தள்ளிப் போ! ஹட்டோ! ஷொரே தாடான்!" என்று மூன்று பாஷையிலும் கத்துவார். குரல் என்றால் அது குரல். கங்கைக்கு அந்தக் கரையில் படகு திரும்பும் என்று கேலி பண்ணுவோம். அந்தக் கயிற்றுக்கு ஒரு முடிச்சு வைத்திருந்தார். பார்த்தால் இறுகி இருக்கும், வால் நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் முழுசும் அவிழ்ந்து விழும். உள்ளே யாராவது மயக்கம் போட்டு விழுந்தால் நகத்தால் நோண்டிக்கொண்டு நிற்க முடியுமா என்று கேட்பார். ஆனால் அந்த இழுப்பைக் கட்டினவன்தான் இழுக்க வேண்டும். வேறு எவன் தொட்டாலும் கைமேலே அடி விழும். குருணை உள்ளே போனதும், வெளியே ஏதாவது மிச்சம் நிற்கிறதா என்று காட்டுகிற மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி நடந்து பார்ப்பார். பார்த்து முடித்தபின் வலது கையைத் தூக்கி "க்ளியர்!" என்று ஒரு சத்தம். அதற்கப்புறம்தான் முடிச்சை இழுப்பார்.

ஒருமுறை ஒரு பெரிய சாகேப் வந்தார். மாலை எல்லாம் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், பின்னால் குடை பிடிக்க ஒருத்தன். சாகேப் கயிற்றைக் கையால் தூக்கிக் குனிந்து உள்ளே வரப் பார்த்தார். இவர் போட்ட கூச்சலில் குடை பிடித்தவன் குடையை விட்டுவிட்டான்.

"நான் யாருன்னு தெரியுமா?" என்று அவர் இந்தியில் கேட்டார்.

"குருணைக்குத் தெரியாதுங்க சாகேப்" என்றார் இவர்.

மெமோ வரும் என்று எல்லோரும் பயந்தோம். வந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாளும் அதே இடத்தில் அதே கயிற்றைக் கட்டினார்.

சாகேப்பாவது மனுஷன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சொறிநாய் கயிற்றுக்கு அடியில் நுழைந்துவிட்டது. குருணை வெளியே இருக்கிறது. இவர் உடனே திருப்பிச் சுற்றிப் பெட்டிக்குள் இழுத்துவிட்டார். எடுத்த படம் பாழ். சூப்பர்வைசர் குதித்தான். "ஒரு நாய்க்காகவா?" என்றான். "நாய்க்கு மீட்டர் பாக்கத் தெரியுமாடா? தெரிஞ்ச நாமதான் பாக்கணும்" என்றார். பிறகு அந்த நாய் வாசலில் அவருக்காகக் காத்திருக்கும். அதையும் கல்லெடுத்து விரட்டுவார். பிரியம் காட்டுகிற ஆள் இல்லை. தள்ளி நிற்கச் சொல்வதுதான் அவருடைய பிரியம்.

பட்டறைக்கு வெளியிலும் கயிறு அவரை விடவில்லை. எங்கள் தெரு துர்கா பூஜைக்குக் கூட்டத்தை ஒதுக்கிவிடக் கயிறு பிடிப்பார்கள் இல்லையா, அதற்குக் கிளப் பையன்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். செக்ரெட்டரி பெண்டாட்டியை வரிசையில் பின்னால் போகச் சொன்னதில் ஒரு வருஷம் பெரிய சண்டை. "தொரிதா, இது பூஜை, பட்டறை இல்லை" என்றார்கள். "கயிறு கயிறுதான்" என்றார். அவருடைய மகன் அப்போது சின்னப் பிள்ளை. தாயில்லாப் பிள்ளை, அப்பன் கூடவே நிற்கும். ஆனா ஆவன்னா எழுதுவதற்கு முன்னால் அந்த முடிச்சைப் போடக் கற்றுக்கொண்ட பிள்ளை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நோய் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நாக்கின் ஓரத்தில் ஒரு புண். ஆறவில்லை. கைனிப் புகையிலைதான் காரணம் என்றார்கள். போட்டார், இல்லை என்று சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் போட்டோம். கப்பலுக்குள் பெயின்ட், கேஸ், பீடி பிடித்தால் வேலை போய்விடும். 'புகை பிடிக்காதே' என்று போர்டு எழுதித் தொங்கவிட்டவர்கள், கன்னத்தில் புகையிலையை அடக்காதே என்று ஒரு போர்டு எழுதினார்களா? எங்கள் கன்னத்துக்கு எவன் கயிறு கட்டினான்? ஊர்க்காரர்களோ அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. "அந்த எக்ஸ்ரே வேலை செஞ்சாரில்ல, அதான்" என்றார்கள். உடம்பில் எவ்வளவு பட்டது என்று அளக்க மார்பில் குத்தியிருந்த வில்லை, வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு பழுதும் காட்டியதில்லை. வேலையைக் குறை சொன்னால் மட்டும் அவருக்குக் கண் சிவக்கும்.

அப்போது வெளியிலிருந்து கரண்ட் வைத்தார்கள். நம் ஜனங்கள் அப்படித்தான் சொல்வோம், கரண்ட் வைக்கிறது. முகத்துக்கு வலை மாதிரி ஒரு மூடி செய்து, அதோடு சேர்த்து மேஜையில் பூட்டிவிடுவார்கள். ஆடக் கூடாது. பவானிபூர் தாண்டி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் நான்தான் கூடப் போய்வந்தேன். கழுத்துத் தோல் கறுத்தது. எச்சில் வற்றிப்போனது. கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். சோறு மண் மாதிரி இருக்கிறது என்றார். ஆனால் புண் ஆறியது. குரலும் மெல்லத் திரும்பியது. ஒரு பூஜைக்குக் கயிறுகூடப் பிடித்தார்.

அதற்கப்புறம் மறுபடி வந்தது. அதே நாக்கு, கொஞ்சம் பின்னால்.

இப்போது பாருங்கள், ஊருக்கே வைத்தியம் தெரிந்துவிட்டது. "ஒரு தடவ கரண்ட் வச்ச எடத்துல மறுபடி வைக்க மாட்டாங்க, அவ்ளோதான்" என்று அவர் காதுபடவே பேசினார்கள். உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு முன்னால், அவர் ஏற்கெனவே போய்விட்ட மாதிரி. சம்பந்தியம்மாள் தன் மகளுக்கு, அதாவது இவர் மருமகளுக்கு, பேறுகாலம் பார்க்கக் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தாள். "எதுக்குப் போட்டுப் படுத்தணும், இருக்கற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டுமே" என்றாள். யாருடைய நிம்மதி என்று நான் கேட்டிருப்பேன், அவர் கண்ணால் அடக்கிவிட்டார்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா வங்காளி, சின்ன வயசு. அவள்தான் நேராக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள். ஊர் சொன்னதில் பாதி நிஜம் என்றாள். வெளியிலிருந்து மறுபடி அந்த அளவுக்கு வைத்தால் தாடை எலும்பும் கழுத்தும் தாங்காது. ஆபரேஷன் பண்ணலாம், ஆனால் நாக்கில் பெரும்பகுதி போய்விடும், பேச்சு போய்விடும். இன்னொரு வழி, மோவாய்க்கு அடியிலிருந்து மெல்லிய குழாய்களை நாக்குக்குள் ஏற்றி, நோய் இருக்கிற இடத்துக்கு மட்டும் உள்ளேயே வைப்பது. சுற்றி இருக்கிறது அவ்வளவாக வேகாது. இவர் கட்டி சின்னது, அதனால் முயற்சி பண்ணலாம். சரியாகும் என்று சத்தியம் பண்ண முடியாது, ஆறாத புண் வரலாம், எலும்பு கெடலாம்.

"குழாய்க்குள்ள என்ன போவும்?" என்று கேட்டார்.

கம்பி நுனியில் ஒரு சின்னப் பொருள் மிஷினிலிருந்து ஓடி வரும், கொஞ்ச நேரம் நிற்கும், திரும்பிப் போய்விடும் என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நோய் திரும்பியதற்கப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தார். வாய் வலித்தது, இருந்தாலும் சிரித்தார்.

"டேய், நம்ம கேமராடா! நான் கப்பலுக்கு வச்சேன், இந்தப் பொண்ணு எனக்கு வைக்குது" என்றார். பிறகு அவளிடம், "பெட்டிக்குச் சாவி யாரு கையில இருக்கும்?" என்று கேட்டார்.

"காகாபாபு, அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று அவளும் சிரித்தாள்.

"பாத்துக்கணும். ரூம்ல ஒரு ஆள் இருக்கக் கூடாது" என்று இவர் அவளுக்கு எச்சரிக்கை பண்ணினார்.

மயக்கம் கொடுத்துக் குழாய்களை ஏற்றினார்கள். பார்க்கச் சகிக்காது. மோவாய்க்கு அடியில் கொத்தாகக் குழாய்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பொத்தான். மூக்கு வழியாகக் கஞ்சித் தண்ணீர். நாக்கு வீங்கி வாயை அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு சொல் வராது. அந்தக் குரல் அடங்கிக் கிடந்ததைப் பார்த்து வாசலில் நின்று தேம்பினேன். உடனே உள்ளேயிருந்து ஒரு கை எழும்பியது. உள்ளங்கை கவிழ்ந்து வீசியது. நிறுத்து.

அப்புறம் நாங்கள் அப்படியேதான் பேசினோம். தலையணையைத் தூக்க விரலை மேலே சுழற்றுவார். கட்டிலை இறக்க விரல் கீழே. நர்ஸுக்கு ஒன்றும் விளங்காது. "தாதா, இது என்ன பாஷை?" என்று கேட்டாள். கிரேன் பாஷை என்றேன்.

காலையும் மாலையும் அந்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு குழாயையும் மிஷினோடு பொருத்துவார்கள். நர்ஸ் "எல்லாரும் வெளியே" என்று சொல்வதற்கு முன்னாலேயே படுத்துக்கொண்டே கையால் எல்லோரையும் விரட்டுவார். நான் தயங்கி நின்றால் முறைப்பார். கனத்த கதவு மூடும். வெளியே டிவியில் தெரிவார். தனியாகப் படுத்திருப்பார், அசையாமல். கதவு திறந்து நர்ஸ் உள்ளே போனதும் வலது கையை மேலே தூக்குவார். அது என்னவென்று எனக்கு மட்டும்தான் தெரியும். க்ளியர்.

குழாய்களை எடுத்து அனுப்பிய அன்று, மகனும் நானும் பக்கத்தில் நின்றோம். மகன் செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் வேலை. நர்ஸ் அவனுக்கு இங்கிலீஷில் சொன்னாள். பிறகு எனக்காக வங்காளியிலும் சொன்னாள். "இவர் உடம்பில் ஒன்றும் மிச்சம் இல்லை. வீட்டில் யார் வேண்டுமானாலும் தொடலாம், கட்டிக்கொள்ளலாம்." மகன், "மாசமாக இருக்கிற பெண் வீட்டில் இருக்கிறாள்" என்றான். "அவளும்தான்" என்றாள் நர்ஸ். என் காதால் கேட்டேன். அவன் காதும் அங்கேதான் இருந்தது.

வீட்டுக்குப் போனால், கூடத்துக்குக் குறுக்கே துணிக்கயிறு கட்டி அதில் ஒரு பழைய புடவை தொங்குகிறது. அந்தப் பக்கம் வாசலையொட்டி ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். இந்தப் பக்கம் குடும்பம்.

"வயித்துப் புள்ளக்காரி இருக்கற வீடு. தப்பா நெனச்சுக்காதீங்கோ சம்பந்தி. அந்தக் கரண்டு ஒடம்ப விட்டுப் போற வரைக்கும்தான்" என்றாள் சம்பந்தியம்மாள். கீழ்வீட்டு மாஷிமாவோ பொதுக் குழாயில் அவர் வாய் கொப்பளிக்கக் கூடாது என்று மாடி ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனாள். பூஜைக்குப் பூஜை "தொரிதா, என்னை முன்னால் விடு" என்று பல்லைக் காட்டினவள்.

நான் மகனைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"நர்ஸ் என்னாடா சொல்லுச்சு?"

"தெரியும் சித்தப்பா. அத்தைதான் ரொம்ப பயப்படறாங்க."

"நீ சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். கேக்கல. நாளைக்குக் கொழந்தைக்கு ஒண்ணுன்னா என்னைத்தான் சொல்லுவாங்க. கொஞ்ச நாள்தானே, விடுங்க."

"கயிறக் கட்டுனது யாரு?"

நான் கயிற்றைப் பார்த்திருந்தேன். ஜன்னல் கம்பியில் அந்த முடிச்சு. கும்பகோணத்துக்காரிக்கு அது எப்படித் தெரியும்?

என் ஆத்திரம் உங்களுக்குப் புரிகிறதா? தெரியாமல் செய்கிறவனை மன்னிக்கலாம். மாஷிமாவுக்குத் தெரியாது. சம்பந்தியம்மாளுக்குப் பயம். இவன் தெரிந்தே செய்தான். பயம் வேண்டாத இடத்தில், மாமியாருக்குப் பணிந்து, பெற்ற தகப்பனுக்குக் கயிறு கட்டினான். அதுவும் தகப்பன் கொடுத்த முடிச்சால்.

நான் திரும்பி மாடிக்குப் போய் அந்தக் கயிற்றை அறுத்துப்போடத்தான் கை வைத்தேன். கட்டிலிலிருந்து கை எழும்பியது. நிறுத்து. பிறகு மகன் போன பக்கம் ஒரு விரல் காட்டினார். முடிச்சைக் காட்டினார். இரண்டு விரலைச் சேர்த்து இழுக்கிற மாதிரி காட்டினார். கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும்.

"அண்ணே, இது பட்டறை இல்ல!" என்று கத்தினேன்.

தலையை ஆட்டினார். கயிறு கயிறுதான்.

அப்படியே இருந்தார். நாக்கு வெந்து தோல் உரிந்தது. வலி மருந்து, உப்புத் தண்ணீர், மூக்குக் குழாய். பேச்சு இன்னும் வரவில்லை. புடவைக்கு அந்தப் பக்கம் மருமகளின் கொலுசுச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிக் கேட்பார். அந்தப் பெண் நல்ல பெண், முன்பெல்லாம் "மாமா, மாமா" என்று அவரோடு சண்டை போட்டுக்கொண்டே இருப்பாள். இப்போது நான் போகிற நேரமெல்லாம் அவள் ஆபீஸ் வேலையில் அறைக்கதவைச் சாத்தியிருப்பாள், இல்லை அம்மாக்காரி வாசற்படியில் நிற்பாள். டாக்டர் உத்தரவு என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு என்றால் வளைகாப்பு. கூடத்தில் பாய் விரித்து, மருமகளை மணையில் உட்கார வைத்து, தாம்பாளத்தில் கண்ணாடி வளையல், சந்தனம், அட்சதை. டாக்குரியாவிலிருந்து நம்மவர்கள் சிலர் வந்திருந்தார்கள். மாஷிமாவும் சங்கு வளையல் குலுங்க வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். விசேஷ நாள் என்பதால் கயிற்றில் பழைய புடவைக்குப் பதில் பட்டுப் புடவை. அவமானத்துக்கும் ஜரிகை!

அவர் அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அவரோடு நின்றேன்.

"ராகு காலம் வந்துடும், சீக்கிரம் ஆரம்பிக்கலாம்" என்று சம்பந்தியம்மாள் அவசரப்படுத்தினாள்.

"மாமா முதல்ல அட்சதை போடட்டும்" என்று மருமகள் குரல் கேட்டது.

"அவரு அங்கேர்ந்தே போடுவார்டி. மேல தூவினா வந்து விழும்."

அவ்வளவுதான். எனக்குள் எதுவோ அறுந்தது.

"ஏம்மா, அவரு கோயில் பிரகாரத்துல நிக்கற பிச்சக்காரரா? இங்கேர்ந்தே தூவறதுக்கு!" என்று சம்பந்தியம்மாளைப் பார்த்துக் கத்தினேன். புடவைக்கு அந்தப் பக்கம் இருந்த மருமகளுக்கும் சொன்னேன், "தொடலாம், கட்டிக்கலாம், மாசமா இருக்கற பொண்ணும் கிட்ட போலாம்னு நர்ஸ் சொன்னப்ப நானும் நின்னேன், ஒம் புருஷனும் நின்னான். கேளும்மா அவன!"

அண்ணன் கை நிறுத்து என்று வீசியது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். வாழ்நாளில் அந்த ஒரு சைகையைத்தான் நான் மீறினேன்.

மருமகள் மணையிலிருந்து எழுந்துவிட்டாள். புடவையை ஒரு பக்கம் ஒதுக்கி எங்களைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள்.

"நெஜமா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"டாக்டர் சொன்னாங்கன்னு சொன்னீங்க."

"அத்தை பயந்தாங்க..."

"நான் அவங்களக் கேக்கல. உங்களக் கேட்டேன்."

"ஏண்டி, நல்ல நாளும் அதுவுமா..." என்று அம்மாக்காரி ஆரம்பித்தாள்.

"அம்மா, நீ பேசாத. இந்தக் கயிறு அவுந்தாதான் நான் கைய நீட்டுவேன். ராகு காலமோ எமகண்டமோ, வந்துட்டுப் போகட்டும்."

மாஷிமா என்ன நடக்கிறது என்று பக்கத்தில் கேட்டாள். யாரோ வங்காளியில் சொன்னார்கள். அவள் முகம் சுருங்கிப்போய் முன்வரிசையிலிருந்து பின்னால் நகர்ந்தாள். சம்பந்தியம்மாள் தானே எழுந்து வந்து முடிச்சில் கை வைத்தாள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே விரலை ஆட்டினார். நீ இல்லை. அந்த விரல் மெல்லத் திரும்பி மகன் பக்கம் போய் நின்றது. சாகேப்பை நிறுத்திய அதே விரல்.

மகன் வந்தான். ஜன்னல் கிட்டே நின்றான். வால் நுனியைப் பிடித்தான். முதுகு குலுங்கியது.

ஒரே இழுப்பு. கயிறும் பட்டுப் புடவையும் சேர்ந்து தரையில் விழுந்தன. அவ்வளவு சுலபம். அந்த ஒரு இழுப்புக்காகத்தான் மனுஷன் இத்தனை நாள் வாசற்பக்கம் நாய் மாதிரிக் கிடந்தார். நாய்க்குக்கூட அவர் பட்டறையில் அதைவிட நல்ல கதி இருந்தது.

எல்லோரும் அவர் உடனே வருவார் என்று பார்த்தார்கள். அவர் வரவில்லை. எழுந்து நின்று, கூடத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் மெல்லப் பார்த்தார், மீட்டர் பிடித்துக்கொண்டு நடப்பாரே, அந்த மாதிரி. சம்பந்தியம்மாள், மாஷிமா, மகன். ஒருத்தராலும் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. மருமகளிடம் வந்தபோது பார்வை நின்றது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வலது கையைத் தூக்கினார். வெந்த நாக்கைப் புரட்டி, எச்சில் இல்லாத வாயால், குழாய் எடுத்தபின் முதல்முதலாக ஒரு சொல்லை வெளியே தள்ளினார். குழறலாகத்தான் வந்தது. ஒருத்தருக்கும் விளங்கவில்லை.

எனக்கு விளங்கியது. அவருக்குப் பின்னால் நின்று, கங்கைக்கு அந்தக் கரை கேட்கிற மாதிரி நான் திருப்பிச் சொன்னேன்.

"க்ளியர்!"

அதற்கப்புறம்தான் கயிறு கிடந்த இடத்தைத் தாண்டினார்.